நாற்பது நொடி

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்து முடித்த வேலை, போனில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட வைத்தது. சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து, மூன்று புள்ளியைத் தொட்டு, லூப் என்பதை இயக்கி, திரை தானாக அணையாதபடி மாற்றிக் கொடுத்தான். ஐந்து நிமிஷ வேலை. இத்தனை வருஷம் படித்ததற்கு இன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறான் என்றாள் அம்மா.

முதியோர் இல்லத்தில் பதினாறு வருஷமாக ஆயா. வாய் நீளம், கை அதைவிட வேகம். மேனேஜரே அவளிடம் யோசித்துத்தான் வாய் திறப்பார்.

மூன்றாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நினைவெல்லாம் போய், மகள் முகம் மட்டும் மிச்சம். வெளிநாட்டிலிருந்து அந்த மகள் அனுப்பிய நாற்பது நொடி வீடியோவில், வந்துகொண்டே இருக்கிறேன் அப்பா, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருங்கள் என்பாள். அது ஓடும்வரைதான் கிழவர் வாய் திறந்திருக்கும். அம்மா கஞ்சி விரலால் மறுபடி மறுபடி அழுத்தி, திரையே பிசுபிசுத்துக் கிடந்தது. இனி இரண்டு கையும் அவளுக்கே. டிக்கெட் எடுத்தாச்சா என்று அவர் அதட்டினால், "எடுத்தாச்சு ஐயா, வாயத் தொறங்க, வண்டி கெளம்பணும்" என்று ஊட்டிவிடுவாள்.

மேனேஜர் இதைப் பார்த்தார். பத்தே நாளில் பதினோரு கட்டிலுக்கும் ஸ்டாண்டு, பழைய போன், வீட்டாரிடம் கேட்டு வாங்கிய வீடியோ. அதுவே சாப்பிடச் சொல்லும்போது ஊட்ட ஆள் எதற்கு என்று இரண்டு ஆயாக்களை நிறுத்தினார். அம்மாவை மாடிக்கு, துணி துவைக்கிற பக்கம் தள்ளினார்.

ஒரு மத்தியானம் அவள் கீழே வந்து பார்த்தாள். பதினோரு போனும் ஒன்றாகச் சாப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தன. கண்டக்டர் வாயைப் பிளந்தபடி திரையையே பார்த்திருந்தார். எதிரே கஞ்சி ஆடை கட்டி, அதன்மேல் ஈ. எச்சில் கழுத்து வழியே இறங்கிச் சட்டையில் காய்ந்திருந்தது. படுக்கை நாறியது. நேரமானதும் இல்லத்து ஆட்கள் கஞ்சியைக் கொட்டிவிட்டு, காலித் தட்டைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்கு அம்மா சோற்றைத் தொடவில்லை.

"என் கையாலயே அந்த மனுஷனப் பட்டினி போட்ட மாதிரி இருக்குடா" என்றாள்.

அவனுக்குத் தன் போனை எடுக்கவே கூசியது. ஆனாலும் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவன் தொழில். ஆதாரம் வேண்டும் என்றான். இல்லத்துக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், எடை குறைவதை எழுதிக் காட்டினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தான். வெள்ளிதோறும் அழுக்குத் துணி எடுக்கிற சாக்கில் அம்மா கீழே இறங்கி, கண்டக்டரை அணைத்துப் பிடித்து எடை மெஷினில் நிறுத்தினாள். ஐம்பத்து நாலு. ஐம்பத்து இரண்டு. நாற்பத்தொன்பதரை. அந்த மூன்றாம் எண்ணோடு திங்கட்கிழமையே அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

"மூணு பத்தாதும்மா. நாலாவது வாரமும் வரட்டும், அப்புறம் ஒருத்தனும் மறுக்க முடியாது."

"அவரு என்ன உன் கம்பெனி சாமானாடா, டெஸ்ட் பண்ணிப் பாக்க?"

கேட்டாளே தவிர, படித்தவன் பேச்சு என்று செருப்பைக் கழற்றிவிட்டாள்.

அந்தப் புதன்கிழமையே, துணி மூட்டையோடு மாடிப்படியில் சாய்ந்தாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மேனேஜர் துக்கம் கேட்க வந்தார். மகன் தோளைத் தடவினார். வாயில் ஏலக்காய் மணத்தது.

"இதெல்லாம் உங்கம்மாவோட ஐடியாதான் தம்பி. எங்க எல்லாக் கிளைக்கும் கொண்டு போறோம்."

அவன் எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பினான். அவர் தொட்ட சட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டான். வாயிலிருந்த கசப்பு மட்டும் போகவில்லை. அது மேனேஜர் கொடுத்ததல்ல என்று அவனுக்குத் தெரியும்.

அம்மாவின் பையில் நாலாக மடித்த புகார்த் தாள் இருந்தது. நான்கு வெள்ளிக்கிழமைத் தேதிகளையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். மூன்றுக்கு நேரே எடை. நாலாவதற்கு நேரே ஒன்றுமில்லை. இனி அவன்தான் கண்டக்டரை மெஷினில் நிறுத்தி, அந்த எண்ணை எழுதி, பஸ் பிடித்துப் போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது.