கழுத்தைச் சுற்றிக் கடுகு

எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் எனக்குப் பசி வருவதில்லை, ரயில் நிலையம்தான் வருகிறது. மூன்றாம் வகுப்புப் பலகை இருக்கையும், கழுத்தில் நீலத் துணிப் பை ஒன்றை மாலைபோல் போட்டுக்கொண்டு அதில் அமர்ந்திருந்த அம்மாவும் கண்முன் வந்துவிடுகிறார்கள்.

ஐம்பதுகளின் கடைசி. தேக்கா சந்தைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அம்மாவுக்குக் கழுத்திலும் தோளிலும் மூட்டுவாதம். நடப்பாள், சமைப்பாள், துணி காயப்போடுவாள். உட்காரத்தான் முடியாது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தலை பூசணிக்காயாய்க் கனக்கும், தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறும், எழுந்துவிடுவாள். நானும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவள். இருவரும் அந்த ஒற்றை அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து நடந்து பலகைத் தரையையே தேய்த்தோம்.

கோலாலம்பூரில் அக்காவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. வழக்கப்படி அவள்தான் எங்களிடம் வர வேண்டும். பயணமே கூடாது என்றுவிட்டார் டாக்டர். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய்வீடு மகளிடம் போக வேண்டும் என்றாள் அம்மா. காலையில் ரயில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் அங்கே இறங்கலாம்.

"சோறு திங்கக்கூட உக்கார முடியாதவ, அம்புட்டு தூரம் எப்படி போவ? நான் டிக்கெட் எடுக்க மாட்டேன்," என்றார் அப்பா.

"உக்காந்து காட்டினா?"

"காட்டு பாப்போம். எடுக்குறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீடு போர்க்களம். இலவம்பஞ்சுத் தலையணையைப் பின்னால் வைத்தோம், அது தலையை முன்னால் தள்ளியது. அப்பாவின் சாய்வு நாற்காலி இடுப்பை விழுங்கியது, கழுத்தை அந்தரத்தில் விட்டது. துண்டைச் சுருட்டி வைத்தோம், மூச்சு விடுவதற்குள் நழுவியது.

பிறக்கப்போகும் குழந்தைக்கு நான் தலையணை தைத்துக்கொண்டிருந்தேன். தலை உருண்டையாக நிற்பதற்காகக் கடுகு நிரப்பித் தைக்கும் சின்னத் தலையணை. ஊசி பிடிக்க விரல் மடங்காததால் அம்மா பக்கத்தில் நின்று அதிகாரம் மட்டும் செய்தாள். தைத்து முடித்ததும் கனம் பார்க்க வாங்கியவள், வலி தாங்காமல் அதைப் பிடரியில் வைத்து அழுத்திச் சுவரில் சாய்ந்தாள். கடுகு சரசரவென்று நகர்ந்தது. கழுத்தின் பள்ளம் எங்கே இருந்ததோ அங்கே போய் நிறைந்தது. ஆற்று மணலில் கால் பதிந்ததுபோல் அவள் கழுத்து அதில் பதிந்தது.

"ஏய், இது புடிக்குதுடி!"

அவளுடைய பழைய நீலச் சேலையில் கை நீளத்துக்கு ஒரு பை தைத்தேன். நன்றாகத் தாங்கட்டும் என்று கடுகைத் திணித்துத் திணித்து அடைத்தேன். அம்மிக் குழவியாகிவிட்டது! அவிழ்த்துக் கொஞ்சம் கொட்டினோம். அதன் பிறகுதான் அது பிடரியில் தங்கி, இரண்டு முனைகளும் தோள்வழியே மார்பில் இறங்கி, நழுவாமல் நின்றது. மடியில் பஞ்சுத் தலையணையை வைத்து முழங்கைகளை அதில் தாங்கச் சொன்னேன். காதருகே ஏறியிருந்த தோள்கள், கூடு திரும்பும் பறவைகள்போல் மெல்லக் கீழே இறங்கின. இதை எழுதும் இப்போதும் அப்படி ஒன்று என் தோளில் கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருக்கிறேன்.

கீழ்வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னலா இது, கழுத்தைத் தாளிக்கப் போறீங்களா?"

"ஆமா. நீ போயி கருவேப்பிலை கொண்டா," என்றாள் அம்மா, தலையை அசைக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. பொங்கோல் கடற்கரைவரை போய் அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. அப்பா வைத்த நிபந்தனை அது. கண்காணிக்க அவரே பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். பஸ் ஒவ்வொரு குழியிலும் துள்ளியது. ரப்பர் மரங்கள் போயின, பன்றிப் பண்ணைகளின் வாடை வந்தது, பிறகு உப்புக் காற்று. அம்மா எழவில்லை. கடலைப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்! கடல் இவ்வளவு அகலமா என்று கேட்டாள்.

திரும்பும்போது பின்னால் குறட்டை. தலை தொங்கத் தூங்கிய அப்பா தேக்காவில் விழித்து, "அய்யோ" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"புடிச்சிக்கிச்சா?" என்றாள் அம்மா. "வேணுமா இது? கொஞ்ச நேரம் இரவல் தரேன்."

அப்பா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே பஸ்ஸைவிட்டு இறங்கினார். மறுநாள் டிக்கெட் வாங்கி வந்தார்.

ரயில் நிலையத்தில், கோணிய கழுத்தோடு அவர்தான் பெட்டியை ஏற்றினார். அம்மா ஜன்னலோரம் அமர்ந்து பையைத் தோளில் சரிசெய்தாள். குழந்தையின் தலையணை மடியில் இருந்தது. எதிரே இருந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். விசில் ஊதியதும் நான் ஜன்னலோடு நடந்தேன்.

"ரொம்ப வலிச்சா வழியில எறங்கிடும்மா."

"எறங்குறதா? பேரப்புள்ள மொகத்தப் பாக்கத்தான் எறங்குவேன். நீ அழுவாம போ. வீட்டுல ஒரு பொட்டுக் கடுகு இல்ல, போற வழியில வாங்கிட்டுப் போ."