பொன்னுத்தாய் டீச்சர் பேனாக்களை வாங்கி வைத்த நாள்

சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. முன்னால் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், யாரோ கேட்ட படிவத்துக்கும் யாருக்கோ சொன்ன பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் ஒரு வரி: "நம்ம பொன்னுத்தாய் டீச்சர் இன்னைக்குக் காலையில தேவிகுளத்துல தவறிட்டாங்க. நெஞ்சு வலி." அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் விழத் தொடங்கின. நான் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். என்னால் அந்தக் கைகளில் ஒன்றாக நிற்க முடியவில்லை.

மலையாள நாட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உங்கள் எல்லோராலும் முடியும். எனக்கு அதற்கு முன்பு ஒரு கடமை இருக்கிறது. கல்வி அலுவலகத்துக்கு அவர் மேல் போன புகாரை எழுதியவன் நான். இதைச் சொல்லாமல் அஞ்சலி எழுதினால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிடும்.

தேவிகுளம் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணமாகி எங்கள் பக்கம் வந்தவர் அவர். தொடக்கப்பள்ளி ஆசிரியை. இரண்டு வருடம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருந்தார். மே மாத விடுமுறைப் பயிற்சி என்றால் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்து ஸ்லைடு பார்ப்பது என்று நாங்கள் பழகியிருந்தோம். அவர் ஒரு நாள் மத்தியானம், கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலுக்கு, எங்கள் பக்கத்துக் கூத்தான பொறாட்டு நாடகக் குழுவைக் கூட்டி வந்தார். "புள்ளைக முன்னால தெனமும் நிக்கிறோம். ஆளுக முன்னால நிக்கிறதையே தொழிலா வச்சிருக்கவுகள வருசத்துக்கு ஒருதடவையாவது நேர்ல பாக்க வேண்டாமா?" என்றார்.

பொறாட்டு நாடகத்தில் மேடை ஓரமாக ஒரு கேள்விக்காரர் நிற்பார். யார் உள்ளே வந்தாலும் நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் என்று துளைப்பார். கதையே அந்தப் பதில்களில்தான் நகரும். அன்று பூக்காரி வேடத்தில் ஐம்பது தாண்டிய ஓர் ஆண் சேலை கட்டி வந்தார். நல்ல ஆட்டக்காரர். ஆனால் நாங்கள் பார்க்கவில்லை. பயிற்சி என்றால் குறிப்பு எடுக்க வேண்டும், மறுநாள் அறிக்கை கேட்பார்கள் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. முப்பது பேரும் தலையைக் குனிந்து "கற்றல் விளைவுகள்" என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு நகைச்சுவைக்கும் சிரிப்பு இல்லை. கேள்விக்காரர் பாதியில் நிறுத்தி, வாத்தியார்களான எங்கள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாஷே, நாங்க ஆடறமுங்களா, இல்ல நீங்க பரீட்ச எழுதறீங்களா?"

டீச்சர் தண்ணீர் வைக்கும் அலுமினிய வாளியைக் காலி செய்து எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். "பேனாவப் போடுங்க. முடிஞ்சதும் தாரேன்." டக் டக்கென்று பேனாக்கள் விழுந்தன. என் முறை வந்தபோது நான் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே நடந்தேன். இருபத்தைந்து வருட அனுபவமுள்ளவனிடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வாங்குவதுபோல் வாங்குவதா என்று கொதிப்பு. எதிரே டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் வட்டாரத்தில் அலுவலகத்துக்குத் தமிழிலும் எழுதலாம் என்று விதி உண்டு. மலையாளத்தில் எழுதினால்தான் கோப்பு நகரும் என்பது அனுபவம். பேச எல்லோருக்கும் வரும், எழுதப் பலருக்கு வராது. எனக்கு வரும், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். லீவோ இடமாற்றமோ குழாய் உடைந்ததோ, எல்லா மனுவும் என் கையால்தான் போகும். எழுதிக் கொடுக்கிறவன் கையொப்பம் போடுவதில்லை என்பது வழக்கம். அந்த வாரம், பேனாவைக் கொடுத்தவர்களில் நாலு பேர் வந்து, அவமானப்படுத்திவிட்டார் என்று இரண்டு வரி சொன்னார்கள். அதை இரண்டு பக்கமாக்கியது என் கோபம். பயிற்சி நாளைக் கேளிக்கையில் கழித்தார் என்ற வாசகம் முழுக்க என்னுடையது.

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் என் பள்ளிக்கே வந்தார். கையில் விளக்கம் கேட்ட நோட்டீஸ். அதோடு புகாரின் நகல்.

"சார், எனக்கு மலையாளம் எழுத ஓடாது. பதில் நீங்கதான் எழுதித் தரணும்" என்று நகலை என் மேசையில் விரித்து, மடிப்பைக் கையால் நீவினார். என் எழுத்துகள் என்னைப் பார்த்தபடி கிடந்தன. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்தேன்.

"என்னன்னு எழுதோணுமுங்க டீச்சர்?"

"அன்னைக்கு நீங்க பாத்தத எழுதுங்க. அது போதும்."

"நான்... பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டனுங்களே."

"அப்ப பாத்துட்டு எழுதுங்க" என்றார். குரலில் குத்தல் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன், இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் குழுத் தலைவரின் வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனார். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வேடம் இல்லை, கைலி கட்டிய பூக்காரி. கேள்விக்காரர் கேட்டார்: "பூ விக்க வந்தயா, புருசனத் தேடி வந்தயா?" பூக்காரி பதில் சொல்லவில்லை. கேள்விக்காரர் காத்திருந்தார். நான் வகுப்பில் எந்தப் பிள்ளைக்காகவும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. மூன்று எண்ணுவதற்குள் "அடுத்து நீ சொல்லு" என்று போய்விடுவேன். கடைசியில் பூக்காரி, "தெரியலீங்க" என்றாள். என் கண் நிறைந்துவிட்டது. எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது டீச்சர் சொன்னார்: "அவரு பதில் தெரியாம கேக்காரு சார். நாம பதில ஒளிச்சு வச்சிட்டுக் கேக்கோம். புள்ளைகளுக்கு அது தெரியும், அதான் வாயத் தொறக்க மாட்டேங்குதுக."

அன்று உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். பார்த்ததை மட்டும் எழுதினேன். டீச்சர் வாங்கிப் படித்து, "நல்லா இருக்கு சார்" என்று கையொப்பமிட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. நடவடிக்கை ஏதும் இல்லை என்று முடிந்தது. ஆனால் பயிற்சிப் பொறுப்பை அடுத்த வருடம் அவருக்குக் கொடுக்கவில்லை, நாடகத்துக்கும் அனுமதி இல்லை. அவர் இடமாற்றம் கேட்டுத் தேவிகுளம் பக்கமே போய்விட்டார். அந்த மனுவையும் நான்தான் எழுதினேன்.

என் வகுப்பில் இப்போது கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சில நாள் அமைதி பொறுக்காமல் சாக்பீஸை எடுத்து எடுத்து வைப்பேன். நாலாம் வகுப்பில் வருடம் முழுக்க வாயே திறக்காத பெண் ஒருத்தி, அவள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் பற்றி ஒரு நாள் பத்து நிமிடம் பேசினாள். டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியா சார்!" என்று போனில் சிரித்தார். அப்போதும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்துகிறவருக்குத் தெரியாதாம்.

செய்தி வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உடுமலை, மறையூர் வழியாகப் பஸ் மாறிப் போனேன். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வாசலில் அவருடைய தங்கை நின்றார்.

"ஐயா யாரு? எங்கேருந்து வாறீக?"

கூட வேலை பார்த்தவன் என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்திருந்தேன். "சித்தூர்ப் பக்கமிருந்து வர்றனுங்க. உங்க அக்கா மேல பெட்டிஷன் எழுதுனது நானுங்க" என்றேன்.

அவர் வாசலை விட்டு விலகி வழிவிட்டார். "தெரியும்யா. அக்கா அன்னைக்கே சொல்லிருச்சு. ‘எழுதுன கையிலயே பதிலையும் கேட்டு வாங்கப் போறேன், மனுசன் திருந்திருவாரு’ன்னுச்சு. உள்ள வாங்க, காலையிலருந்து ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டீக."

அந்த வீட்டில் சோறு சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்: தப்புச் செய்தவனைக் காட்டிக்கொடுக்காமல், அதைச் சரிசெய்யும் வேலையை அவன் கையிலேயே நம்பிக் கொடுப்பது. என் வகுப்பில் ஒரு பிள்ளையிடம்கூட இன்னும் அப்படிச் செய்யத் துணிந்ததில்லை. எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, டீச்சர்.