கல்லில் நாலு அடி

இன்று காலை முத்துவைப் பத்து காவான் என்ற ஊரின் ஆற்றில் விட்டுவிட்டு வந்தோம். முத்து நாங்கள் நான்கு வருடமாக வளர்த்த முதலை.

நாங்கள் சலவைக்காரர்கள். கையளவு குட்டியாக வந்தவன் துவைக்கும் தொட்டியிலேயே வளர்ந்தான். துணியைக் கல்லில் நாலு அடி அடித்துவிட்டுத்தான் என் மனைவி செல்லம்மா அவனுக்கு மீன் போடுவாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு ஆட்டைக் காணோம். அதனால்தான் இந்தப் பயணம்.

சம்பான் படகில் நடு ஆற்றுக்குப் போய் அவன் கயிற்றை அவிழ்த்தோம். செல்லம்மா அழுதுகொண்டே, "போயிட்டு வாடா" என்றாள்.

"வான்னு சொல்லாதீங்க அக்கா. போன்னு மட்டும் சொல்லுங்க லா" என்றார் சம்பான்காரர்.

முத்துவும் ஒழுங்காகத்தான் போனான்.

அப்போது எதிர்க்கரையில் ஒரு பெண் துணி துவைக்கத் தொடங்கினாள். கல்லில் நாலு அடி.

முத்து நின்றான். தலையைத் திருப்பினான். முங்கினான்.

நாங்கள் கத்தியதற்கு அவள் சிரித்துக் கையசைத்தாள். நல்லவேளை, முதலில் கரை சேர்ந்தது எங்கள் சம்பான்தான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கரையில் வரிசையாகப் பதினொரு துவைகல்.

அந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் உடனே சொல்லி அனுப்புங்கள். கொஞ்ச நாளைக்கு அழுக்குச் சட்டையே நல்லது.