இரண்டு இன்ஜின்களும் ஒரு பம்பும்

என் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிக்க இரண்டே வாரம்தான் ஆனது. அவளுடைய அப்பா தன் படகுக்கு இன்ஜின் பார்க்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று மாதமும் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னவன் நான். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பொறுத்துக்கொண்டேன். பழைய இன்ஜின் கெட்டது என்னால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

மச்சானுக்குத் துறைமுகத்தில் புகைவண்டி என்று பெயர். முப்பத்தாறு அடிப் படகு. பெரிய மீனைத் தூண்டிலில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். தூண்டிலைக் கடலில் இழுத்தபடி நாள் முழுக்க மெதுவாக ஓட்ட வேண்டிய வேலை அது. மெதுவாக ஓடினால் அந்தப் பழைய டீசல் இன்ஜின் புகையாகக் கக்கும்; பின்னால் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர் மூஞ்சியில்தான் அத்தனையும் அடிக்கும். அப்படியும் அடுத்த வருஷம் இருமிக்கொண்டே அவரைத் தேடி வருவார்கள். மீன் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மீனை நழுவவிட்டு அழாத குறையாக நிற்பவரிடம் என்ன பேச வேண்டும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

நான் டீசல் மெக்கானிக். இன்ஜின் சூடாகாமல் இருக்கக் கடல்தண்ணீரை உறிஞ்சிக் கொடுக்கும் பம்பை அந்தப் படகில் நான்தான் புதிதாக மாட்டினேன். பதினொன்றாம் நாள் நடுக்கடலில் இன்ஜின் கொதித்து, அதன் இரும்பு உடலான பிளாக்கே வெடித்து நின்றது. வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. பம்பைத் திறந்தேன். உள்ளே சுற்றும் ரப்பர் சக்கரம் துண்டு துண்டாகக் கிடந்தது. "சொந்தக்காரன்னு நம்பி வேலையக் குடுத்தா இப்படித்தான்" என்று டீசல் போடுகிறவன் என் காதுபடவே சொன்னான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மச்சான் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடு மாப்ள" என்றார். அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்கவே முடியவில்லை.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் இன்ஜின் தாள்கள் கிடந்தன. ஒன்று பழைய ரகம், பிரித்துப் புதுப்பித்தது. எல்லாவற்றையும் ஸ்பானர் போட்டுத் திருகலாம். இன்னொன்று புத்தம் புதுசு. கம்ப்யூட்டர் டீசலை அளந்து ஊற்றும். எடை இருநூறு கிலோ குறைவு. மெதுவாக ஓட்டினாலும் புகை வராது. புது இன்ஜினின் அளவுக்குத் துடைப்பக் கட்டையில் கோடு போட்டுக்கொண்டு போய் படகின் இன்ஜின் அறையை அளந்தேன்; சுற்றி உட்கார்ந்து வேலை பார்க்க இடமும் மிஞ்சியது.

"நடுக்கடல்ல கம்ப்யூட்டர் படுத்துட்டா யாரக் கூப்பிடறது?" என்றார் மச்சான். நியாயமான கேள்விதான்.

"ஸ்பேர் ஒண்ணு படகுலயே வச்சுக்கலாம் மச்சான்."

"உப்புக்காத்து ஒயரத் தின்னுடும்."

"எல்லாத்துக்கும் சீல் இருக்கு."

"எடை குறைஞ்சா படகு ஆடும்."

"அடியில பாரம் வச்சுத் தரேன்."

மறுநாள் வேறொரு குறையோடு வருவார். பழசுதான் வேண்டும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சீசன் தொடங்க ஆறு வாரம்தான் இருந்தது. அதற்குள் இன்ஜின் உட்காரவில்லை என்றால் வருகிறவர்கள் வேறு படகைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கடைசியில் அக்காதான், "ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க" என்றாள். அதே புது இன்ஜின் போட்ட படகை ஒருவர் எங்களுக்கு ஒரு காலைப்பொழுது கொடுத்தார். அக்காவும் எங்களோடு ஏறிக்கொண்டாள். மச்சான் சுக்கான் பிடித்தார். மெதுவாக ஓட்டினார், விரட்டினார், தூண்டிலில் சிக்கிய மீனைத் துரத்துவதுபோல் ரிவர்ஸில் இழுத்தார். நிலம் தெரியாத தூரம் வந்தபோது அவர் முகமே மாறிவிட்டது. மனிதர் புது இன்ஜினில் சொக்கிவிட்டார் என்று நினைத்தேன்.

அப்போது அலாரம் அடித்தது. கீச்சென்று காதைத் துளைக்கிற சத்தம். மச்சான் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே, "நல்லாத்தான் இழுக்குது மாப்ள" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பாய்ந்து போய் இன்ஜினை அணைத்தேன்.

"ஏன் அணைச்ச?"

"அலாரம் அடிக்குது மச்சான்."

"எப்ப அடிச்சுது?"

அது இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. படகில் வேறு சத்தமே இல்லை.

சாவியைத் திருப்பி அலாரத்தை நிறுத்தினேன். எட்டிப் பார்த்தால், தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டிருந்தது. மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கனமான சத்தம்லாம் கேக்குது. இந்தக் கீச்சுச் சத்தம் கேக்கறதில்ல. ரெண்டு வருஷம் இருக்கும்."

"வாசல் மணி அடிச்சா நான் ஓடுவேன், நீங்க பேப்பர் படிச்சிட்டிருப்பீங்க" என்றாள் அக்கா. "திமிருன்னு நெனச்சேங்க."

"பழைய இன்ஜின்னா அது அதிர்றது கால் வழியாவே தெரியும். அதான் அதையே கேட்டேன்."

"அப்ப போன தடவ கால் என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என் கேள்வி எனக்கே உறைத்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்குப் பின்னாடி இருந்தவரு என்னமோ சத்தம் வருதேன்னு கேட்டாரு. அது அலாரம்னு தெரியல, தூண்டில் ரீலச் சொல்றாருன்னு தலையாட்டினேன். கொஞ்ச நேரத்துல ஆவி வந்துடுச்சு. உன் பம்புல ஒண்ணும் இல்ல மாப்ள."

அன்றும் ஏதோ வந்து அடைத்திருக்கிறது. தண்ணீர் வராமல் காய்ந்து ஓடித்தான் ரப்பர் சக்கரம் சிதறியிருக்கிறது. இருபது வருஷ மெக்கானிக், விளைவைப் பார்த்துவிட்டுக் காரணம் என்று நினைத்திருக்கிறேன்.

"மூணு மாசம் மச்சான். ஆளாளுக்கு என்னப் பேசினானுங்க."

"கேப்டனுக்குக் காது கேக்கலன்னா எவன் உயிர நம்பி ஏறுவான்? படகு இல்லன்னா நான் யாரு?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை எனக்கே ஊட்டியிருக்கிறார். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக் கத்த வாய் வரவில்லை. பையைக் கொக்கியால் இழுத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தோம்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, டீசலுக்கு எல்லாப் படகும் வரிசையில் நின்றபோது வந்தார். என் பக்கத்தில் நின்று, "இவன் மாட்டின பம்பு நல்லாத்தான் இருந்துச்சு. அலாரம் அடிச்சுது, எனக்குத்தான் காது கேக்கல" என்றார். டீசல் போடுகிறவன் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். சீசனுக்குப் படகு சொல்லி வைத்திருந்தவர்களில் இரண்டு பேர் அந்த வாரமே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், "எங்களுக்குத்தான் காது இருக்கே, கேட்டுச் சொல்றோம்" என்றார். அக்கா கையோடு மச்சானைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

புது இன்ஜினையே போட்டோம். சுக்கானுக்கு நேர் எதிரே, கண்ணில் குத்துகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கை அலாரத்தோடு சேர்த்து மாட்டினேன். சோதித்துப் பார்க்கப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு மின்னியது.

"சத்தமும் வருதா மாப்ள?"

"வருது."

"எப்படி இருக்கு?"

கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது போலிருக்கிறது. "மூணு மாசமா இங்க எல்லாரும் என்னப் பேசினாங்கல்ல, அது மாதிரி. உள்ள போய்த் தைக்குது" என்றேன்.

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது எனக்கு நல்லாவே கேட்டுச்சு மாப்ள" என்றார்.