பக்கத்துக் கட்டிலின் தூக்குச்சட்டி

ரசம்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வாய் வைத்ததும் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது. அன்று அடுப்படியில் நின்றவள் மருமகள் செல்வி. பாத்திரத்தை ஒழுங்காகத் துலக்கவில்லை என்று மனதுக்குள் அவளை வைதேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் எதையும் வாய்விட்டுச் சொல்கிறவள் இல்லை.

என் வீட்டுக்காரரும் மகனும் அதே ரசத்தை இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டார்கள். "நல்லாருக்கு தாயி" என்று அவர் அவளிடம் சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேல் ரசம் வைத்த என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் நானே வைத்தேன். அதிலும் துரு. கேப்பைக் கூழிலும் துரு. பிறகு வெறும் தண்ணீரிலும் அந்த வாடை வந்தது. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் பொழுது சாயும்வரை மாறாமல் கிடந்தது. அப்போதுதான் மகன் என்னைப் போடி வழியாகத் தேனிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனான்.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) மிகவும் கூடிவிட்டது என்றார் டாக்டர். பல வருஷம் பார்க்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு இரண்டு சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தது. வாயில் வந்த துரு வாடை அந்தக் கழிவால் வந்ததாம். செல்வியின் பாத்திரத்தில் ஒரு குற்றமும் இல்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து எந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விடுவது) என்று ஆயிற்று. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. ஊசி ஊசிதான், பழகிவிடும். பழகாதது சாப்பாடு. இதே நோயோடு இருப்பவர்களுக்கு அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

சில மாதத்தில் எனக்கு ஒன்றுக்குப் போவது நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லை. டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னார். "ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தாம்மா. ரசம், குழம்பு, மோர், கூழு, மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணி, எல்லாம் அதுக்குள்ளதான்."

நான் சாப்பிட்டு வளர்ந்தது எல்லாமே தண்ணீர்ச் சாப்பாடு. காலையில் பழைய சோற்றின் நீச்சத்தண்ணீர், மத்தியானம் குழம்பில் மிதக்கிற சோறு, சாயங்காலம் கூழ். எல்லோரும் எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதில் ரசத்தை ஊற்றிக் கலக்கி, நின்றுகொண்டே குடித்துவிடுவேன். மென்று தின்ற ஞாபகமே இல்லை. குழம்பு கம்மியாகிச் சோறு வறண்டதும் தொண்டையில் நின்றுகொண்டது. பாதித் தட்டோடு எழுந்துவிடுவேன். எடை இறங்கியது.

டயாலிசிஸ் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்திரத்தில் மாட்டிய முதல் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். ஆசைப்பட்ட பழத்தை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வதும் அப்போதுதான். சேர்கிற பொட்டாசியத்தை (பழம், காயில் இருக்கும் ஒரு உப்பு; கூடினால் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிடலாம்) எந்திரம் கொஞ்சம் எடுத்துவிடும் என்று சிஸ்டரும் கண்டுகொள்ளமாட்டார். எல்லோருக்கும் இது சரிவராது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். நான் டப்பாவைத் திறக்கவே மாட்டேன். இத்தனை பேர் முன்னால் எப்படித் தின்பது?

பக்கத்துக் கட்டில் பாக்கியத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அல்லிநகரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் வார்டு முழுக்கக் கேட்கும். அவள் மகள் தூக்குச்சட்டியைத் திறந்ததும் பூண்டு ரசத்தின் வாசனை என் கட்டிலுக்கு வந்துவிடும். சோறு தெரியாமல் ஊற்றிக்கொண்டு, பாக்கியம் ஒற்றைக் கையால் உறிஞ்சுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பேன்.

"ஏ மதினி, தூங்குறாப்புல நடிக்காத. ஒரு வாய் குடிக்கிறியா?"

"வேணாத்தா. எனக்குத் தண்ணி ஆகாதுன்னுட்டாக."

"எனக்கு இன்னும் ஒண்ணுக்குப் போகுதுல்ல. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வந்துரும். அதான் டாக்டர் தாராளமா குடிக்கச் சொல்லிட்டாக."

யாருடைய சேலையையும் நகையையும் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒருத்தி மூத்திரம் போவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எந்திரத்தில் மாட்டுவதற்கு முன்னால் அவள் கழிப்பறைக்குப் போவாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வரும்வரை எண்ணிக்கொண்டே இருப்பேன். சீக்கிரம் வந்துவிட்டால் எனக்கு ஒரு நிம்மதி. நேரமானால் அன்று முழுக்க வயிறு எரியும். வீட்டுக்குப் போன பிறகும், ரசத்தில் பிசைந்த அவள் கைதான் கண்ணுக்குள் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஒண்ணுக்கு ஏதும் போகுதாம்மா?" என்றார். எப்போதும் தலையை இல்லையென்று ஆட்டுவேன். அன்று பாக்கியத்தின் தூக்குச்சட்டி திறந்திருந்தது. "போகுதுய்யா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! ஒரு நாள் முழுக்கப் பிடிச்சு அளந்துட்டு வாங்க. அதுவரைக்கும் ரெண்டு டம்ளர் கூடக் குடிச்சுக்கங்க."

அந்த இரண்டு டம்ளர் என் வீட்டில் ஆறு டம்ளர் ஆனது. சனிக்கிழமை கூழ், ஞாயிற்றுக்கிழமை ரசம். செல்வி சட்டியை எடுக்கத் தயங்கினாள்.

"அத்தே, நெசமாவே டாக்டர் சொன்னாகளா?"

"சொன்னாக. நீ ஊத்து."

அவள் ஊற்றினாள். வாயில் துருவாடை இல்லை. பூண்டும் மிளகும் அப்படி இருந்தது. அவள் நன்றாகத்தான் வைக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் படுத்தவள் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தேன். படுத்தால் கிணற்றுக்குள் அமிழ்த்தியது போல இருந்தது. இருமினால் நுரையாக வந்தது. மகன் கார் பிடித்தான். தேனி வரைக்கும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே போனேன். பக்கத்தில் செல்வி என் முதுகைத் தடவியபடி, "நான்தான் ஊத்துனேன், நான்தான் ஊத்துனேன்" என்று அழுதுகொண்டே வந்தாள்.

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் வைத்து, உடனே எந்திரத்தில் போட்டார்கள். என் உலர் எடைக்கு மேல் (உடம்பில் வேண்டாத தண்ணீர் இல்லாதபோது இருக்கும் எடை) ஐந்து கிலோ ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

மூச்சு அடங்கியதும் டாக்டர் கேட்டார். "ஏம்மா பொய் சொன்னீங்க?"

"அந்தம்மாவுக்கு மட்டும் ரசம் குடுக்கீகளே" என்றேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

சிஸ்டர் வழியாக இது பாக்கியத்தின் காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நான் கட்டிலில் ஏறும்போதே அவள் ஆரம்பித்தாள்.

"ஆத்தி! எம் மூத்திரத்து மேலயா கண்ணு வச்ச? ஒரு வார்த்தை சொல்லிருந்தா சொம்புல பிடிச்சுத் தந்திருப்பேனே மதினி!"

வார்டே சிரித்தது. நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். போர்வைக்குள் எனக்கும் சிரிப்பு வந்தது.

இரண்டு மூன்று மாதத்தில் அவளுக்கும் ஒன்றுக்குப் போவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. தூக்குச்சட்டி வருவது நின்றது. அவள் குரலும் நின்றது. எந்திரத்தில் இருக்கும்போது எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். கண்ணு வச்சவள் என்று சிரித்துச் சொன்னது அவள் மனதில் நிஜமாகிவிட்டது. என் மனதிலும்தான்.

யாரும் பார்க்காத நேரம் டாக்டரிடம் கேட்டேன். "நான் பொறாமைப்பட்டதால வந்ததாய்யா?"

"டயாலிசிஸ் பண்ணப் பண்ண எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா நின்னுரும்மா. உங்களுக்கு முன்னாடி, அவங்களுக்குப் பின்னாடி. அவ்வளவுதான்" என்றார்.

நம்பினேன். ஆனாலும் அவள் ரசம் நின்றது தெரிந்தவுடனே என் மனதில் எழுந்த முதல் நினைப்பு துக்கம் இல்லை. அதை இங்கே மறைத்து என்ன பயன்?

இதற்குள் நான் மெல்லக் கற்றுக்கொண்டிருந்தேன். செல்வியும் நானும் சேர்ந்தே கண்டுபிடித்தோம். உப்பு குறைந்தால் தாகம் குறைகிறது. அதனால் உப்பை விரல் நுனிக்குக் குறைத்து மிளகு, பூண்டு, கறிவேப்பிலையை வறுத்து நுணுக்கி வைத்தோம். புடலங்காயை நறுக்கி, பொட்டாசியம் இறங்கட்டும் என்று ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டு வதக்கினோம். முட்டையில் வெள்ளைக் கரு மட்டும். தோசை காகிதம் போல, ஓரம் சிவக்க. மேலே எலுமிச்சை நாலு சொட்டு. என் நாக்குக்கு அடுப்படியில் அவள் ருசி பார்ப்பாள், அவள் கைக்கு நான் பக்குவம் சொல்வேன். யார் சமையல் என்று இப்போது எங்கள் வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தத் தோசையை ஒரு செவ்வாய்க்கிழமை டப்பாவில் கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சிறிது சிறிதாக ஒடித்துத் தின்றேன். பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. பல வாரத்துக்குப் பிறகு அவள் பேசியது.

"நொறுக்கு நொறுக்குனு என்னத்தத் திங்குற? ஒனக்கு மட்டும் எப்படி எறங்குது?"

திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, டப்பாவைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அன்று ஊர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் புதுச் சேலை கட்டியவள் போல உட்கார்ந்திருந்தேன். வீட்டில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சந்தோஷம் கசந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கூடுதலாக ஒரு தோசை சுட்டோம். டப்பா மூடியில் வைத்து அவள் பக்கம் நீட்டினேன்.

"கண்ணு வச்சவ கையால தின்னா திருஷ்டி கழிஞ்சுருமாக்கும்?" என்றாள்.

"தின்னு பாரு."

அவ்வளவு பேர் முன்னால் நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு துண்டை வாயில் போட்டவள், "தண்ணியில்லாம எப்படித்தா?" என்று திணறினாள்.

"முழுங்காத. மெல்லு. இன்னும் மெல்லு."

மென்றாள். எலுமிச்சையும் மிளகும் சேர்ந்ததும் அவள் கன்னம் அசைவது மாறியது. "ஊறுதுடி" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வாயில் தானாக ஊறுகிற தண்ணீரை எந்த டாக்டரும் கணக்கில் சேர்க்கிறதில்லை. என் உடம்பு இன்னும் தனக்குத்தானே செய்துகொள்கிற தண்ணீர் அது ஒன்றுதான். அதற்கு அவசரம் ஆகாது, நின்றுகொண்டே விழுங்குகிறவளுக்கு அது வராது.

இருவரும் மென்றோம். எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று மணி நேரத்துக்கு எங்கும் போக வேண்டியதில்லை. அவளுக்கு வைத்த தோசை என்னுடையதைவிடக் கொஞ்சம் நன்றாகச் சிவந்திருந்ததோ என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.