வீட்டில் நடந்த எட்டாம் வகுப்பு

என் மகளின் இடது காதிலிருந்து ரத்தம் வந்த அன்று நான் பந்தல்குடியில் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இருந்தேன். பள்ளி வேன் டிரைவர் அவளை வீட்டில் இறக்காமல் நேராகக் கடைக்கே கூட்டிவந்துவிட்டார். சீருடையின் தோள்பட்டை நனைந்து கறுத்திருந்தது. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலது பக்கம் போய்க் குனிந்து கேட்ட பிறகுதான் சொன்னாள், கணக்கு சார் அறைந்துவிட்டார் என்று.

கரும்பலகையில் அவர் நாலைந்து வரியில் போட்ட கணக்கை இவள் இரண்டே வரியில் போட்டிருக்கிறாள். அது அவள் அப்பா சொல்லிக்கொடுத்த வழி. யாரைப் பார்த்து எழுதினாய் என்று சார் கேட்க, யாரையும் பார்க்கவில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். எதிர்த்துப் பேசுகிறாயா என்று விழுந்த அறையில் பெஞ்சு முனையில் போய்ச் சாய்ந்திருக்கிறாள்.

என் கணவர் பாலிடெக்னிக் படித்தவர். தூத்துக்குடி ரோட்டில் சொந்தமாக லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரில் கொஞ்சம் கரிசல் காடும் ஓர் எருமையும் இருந்தன. கொத்தமல்லியோ பருத்தியோ போடுவோம், விளைந்தால் உண்டு. கணக்கு என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை. லோடு இறக்கிவிட்டு எத்தனை களைப்பாக வந்தாலும் மகளை எதிரில் உட்காரவைத்து ஒரு கணக்காவது போடாமல் சாப்பிட மாட்டார்.

அருப்புக்கோட்டை டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வு கிழிந்திருக்கிறது, கூடவும் செய்யலாம், கூடாமலும் போகலாம் என்றார். என் கணவர் அதை நின்றுகொண்டே கேட்டார். மறுநாள் காலையில் என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார். பள்ளியில் முறையிடத்தான் போகிறோம் என்று நானும் ஏறினேன்.

தலைமை ஆசிரியர் அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். பிள்ளை தானாகத் தடுக்கி விழுந்துவிட்டது என்றார்கள். கணக்கு சாரைக் கூப்பிட்டார்கள். சின்ன வயசுக்காரர். கை லேசாகப் பட்டது, அவ்வளவுதான் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் வண்டியின் ஜாக்கி ராடு இருந்தது.

முதல் அடி, தடுக்கத் தூக்கிய கையில் விழுந்தது. எலும்பு ஒடியும் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அடுத்தது முழங்காலில். கீழே விழுந்தவரின் வாயில் அடுத்தது. நான் என் கணவரின் இடுப்பைப் பிடித்துத் தொங்கினேன், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் அடித்தார். சார் மேஜைக்கு அடியில் ஊர்ந்துபோய்ச் சுருண்டார். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் பார்த்தன. வாட்ச்மேனும் வேன் டிரைவர்களும் ஓடிவந்து என் கணவரை வெளியே இழுத்துப்போட்டு, கயிற்றால் கையைக் கட்டி, போலீஸ் வரும்வரை மிதித்தார்கள். ஒருவன் கழுத்தில் செருப்புக் காலை வைத்து நின்றான். முந்தின நாள் என் மகளைப் பதறிப்போய்க் கடைக்குக் கூட்டிவந்த டிரைவரும் அந்தக் கூட்டத்தில் மிதித்தார்.

சப் ஜெயிலில் கொஞ்ச நாள் இருந்து, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் நிபந்தனையோடு ஜாமீனில் வந்தார். அதனால் வெளியூர் லோடு எடுக்க முடியவில்லை. வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவரும் வீட்டில் இருந்தார்.

மகளும் வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பள்ளியில் டி.சி. தர மாட்டோம் என்றார்கள். வேறு தனியார் பள்ளிகளில் டி.சி. இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அவள் யார் மகள் என்று தெரிந்ததும் அதைக்கூடச் சொல்லாமல் அனுப்பினார்கள். ரோட்டில் வேன் ஹாரன் கேட்டால் அவள் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள். இனிமேல் வீட்டிலேயே படிக்கட்டும் என்றார் என் கணவர்.

கேஸ் விஷயமாக வக்கீலைப் பார்க்கப் போனபோது நான் அதையும் கேட்டேன். வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது குற்றமா, போலீஸ் வருமா? வக்கீல் பொறுமையாகச் சொன்னார். ஆறு வயதிலிருந்து பதினாலு வரை பிள்ளைக்குப் படிப்பைக் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டியது பெற்றோரின் கடமை என்றும் சட்டம் சொல்கிறது, ஆனால் சேர்க்காவிட்டால் ஜெயில், அபராதம் என்று எதுவும் எழுதவில்லை. வீட்டுப் படிப்புக்கு அனுமதி வாங்கவும் இடமில்லை, தடையும் இல்லை. பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பிறகு பத்தாம் வகுப்பையும் அப்படியே எழுதலாம், திறந்தநிலைப் பள்ளி வழியும் உண்டு என்றார்.

“எங்க வீட்டுக்காரக ஆன்லைன் ஸ்கூல்னு ஒண்ணுல சேக்கப் போறாகளாம் சார்,” என்றேன்.

“சேக்கட்டும்மா. ஆனா எந்த போர்டுன்னு கேட்டு வாங்கிருங்க. போர்டு இல்லாட்டி அது டியூசன்தான். அவுக குடுக்குற பேப்பர் எங்கயும் செல்லாது.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அதற்குள் என் கணவர் ஃபீஸ் கட்டிச் சேர்த்தே விட்டிருந்தார். செல்போன் திரையில் ஒரு பெண் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். மகள் வலது காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். எந்த போர்டு என்று நான் போன் போட்டு விசாரித்தேன். உலகத் தரம் என்றார்கள். உலகம் இருக்கட்டும், எங்கள் பிள்ளைக்குப் பரீட்சை யார் வைப்பார்கள், அங்கீகார எண் என்ன என்று மறுபடியும் கேட்டேன். மேலதிகாரி கூப்பிடுவார் என்று வைத்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. நாலாவது தடவை பேசியபோது என் நம்பரையே தடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு என் கணவர் செல்போனைச் சுவரில் அடித்து நொறுக்கினார். பிறகு கடைக்குப் போய்க் கறுப்பு பெயிண்ட் வாங்கிவந்து நடுவீட்டுச் சுவரில் அடித்தார். எந்தப் பயலும் வேண்டாம், தனித்தேர்வுக்கு நானே சொல்லித்தருகிறேன் என்றார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. நான் வேலை முடிந்து வரும்போது சுவர் முழுக்க எண்களாக இருக்கும். அவர் முகம் தெளிந்திருக்கும். போகப் போக, சுவரில் சாக்பீஸ் அழுந்திய கோடுகள் ஆழமாகின. மகள் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். குளிர்கிறது என்றாள். காதுப் புண் ஆறும்போது உடம்பு அப்படி இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைத் தேடிவரும் வட்டார ஆசிரியை ஒருவர் ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்தார். அன்று எனக்கு வார விடுமுறை. பதின்மூன்று வயசுப் பெண் திடீரென்று நின்றுவிட்டால் கல்யாண ஏற்பாடு இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். என் கணவர் சுவரைக் காட்டினார், பாடம் நடக்கிறது பாருங்கள் என்றார். ஆசிரியை மகளின் கையைப் பிடித்து அருகில் இழுத்துப் பேசினார். கிளம்பும்போது என்னை ஸ்கூட்டர் வரைக்கும் வரச் சொன்னார்.

“சட்டக் கைய மேல தூக்கிப் பாருங்க. கோடு கோடா வீங்கியிருக்கு,” என்றார். “டி.சி. இல்லேன்னு கவர்மெண்ட் ஸ்கூல்ல சேக்காம இருக்க முடியாது. சட்டத்துலயே இருக்கு. வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்தே ஆகணும். எந்த ஸ்கூலுக்குனாலும் நீங்க நேராக் கூட்டிட்டுப் போங்க.”

இத்தனை பேரிடம் கேட்டோம், இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உள்ளே போய் மகளின் சட்டைக் கையைச் சுருட்டினேன். அவள் தடுக்கவில்லை.

“தப்புப் போட்டாத்தாம்மா அப்பா அடிக்காக,” என்றாள்.

கவர்மெண்ட் பள்ளியில் சேர்த்துவிடுவோம், இனி நீங்கள் சொல்லித்தர வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அங்கேயும் எவனாவது அவளை அடிப்பான், அப்புறம் நான் அவனைக் கொல்ல வேண்டிவரும் என்றார். அதை முழுக்க நம்பித்தான் சொன்னார். திங்கட்கிழமை லீவு போட்டு நானே கூட்டிப்போவதென்று முடிவு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை வருவதற்குள் அது நடந்தது. கடைக்காரர் வீட்டில் ஒரு சாவு. மதியமே ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வீட்டு வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகள் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள். அவர் அவளுக்கு இடது பக்கம் நின்று வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். இடது காது அவளுக்குக் கேட்காது. அவள் பதில் சொல்லாமல் நின்றாள். லோடு வண்டியின் ஃபேன் பெல்ட்டால் முதுகில் அடித்தார். மறுபடியும் அதே பக்கம் நின்று கேட்டார். மறுபடியும் அடித்தார். அவள் அழக்கூட இல்லை, உதட்டை மட்டும் அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

பின்கட்டு வழியாக ஓடினேன். மம்பட்டியிலிருந்து கழன்று கிடந்த கைப்பிடிக் கணை கைக்கு வந்தது. அவர் தோள்பட்டையில் ஓங்கிப் போட்டேன். திரும்பி பெல்ட்டை என் முகத்தில் வீசினார். உதடு பிளந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. நான் நிறுத்தவில்லை. மணிக்கட்டில் அடித்தேன், பெல்ட் விழுந்தது. மறுபடியும் தோளில், முட்டியில். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தபோது முதுகெல்லாம் சாக்பீஸ் பொடி. என் கை இன்னும் ஓங்கியபடியே இருந்தது. மகள் வந்து கணையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவளுக்காகத்தானடி நான் ஜெயிலுக்குப் போனேன்,” என்றார் அவர்.

பதில் சொன்னால் அங்கேயே நின்றுவிடுவேன் என்று பயமாக இருந்தது. மகளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்தேன். முதுகு எதிலும் படாமல் இருக்க அவள் என்மேல் கவிழ்ந்துகொண்டாள். தெருவில் நின்றவர்கள் எங்கள் துணியில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். விழுந்துவிட்டாள் என்று சொல்லும்படி வழியில் என் கணவரின் சொந்தக்காரர் ஒருவர் போனில் கெஞ்சியிருந்தார். அவள் அப்பா அடித்தார் என்றேன். டாக்டர் எழுதினார், ஸ்டேஷனுக்குத் தகவல் போனது. மறுநாள் காலையில் கையெழுத்துப் போடப் போன என் கணவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டார்கள். ஜாமீன் ரத்தானது. தோளும் மணிக்கட்டும் வீங்கியிருப்பதைப் பற்றி இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாராம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக நான் அவரை வெளியே எடுக்கப் போகவும் இல்லை.

நரிக்குடியில் என் அக்கா வீட்டுக்குப் போனோம். அங்கே அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் மட்டும் வாங்கிப் பார்த்தார். டி.சி. எங்கே என்று கேட்கவில்லை. மகளின் கல்வி எண் பழைய பள்ளியின் கணினியிலேயே முடங்கிக் கிடந்தது. அதை வட்டார அலுவலகம் மூலம் விடுவித்துக்கொள்கிறேன், பிள்ளை இன்றைக்கே வகுப்பில் உட்காரட்டும் என்றார். நான் அன்று மாலைவரை பள்ளி வேப்பமரத்தடியிலேயே இருந்தேன். எந்த வகுப்பிலிருந்து சத்தம் உயர்ந்தாலும் எழுந்து நின்றேன். உதட்டுத் தையல் வலித்தது. மூன்று நாள் அப்படி இருந்த பிறகு, நீங்கள் வேலையைப் பார்க்கப் போங்கள், நான் இருக்கிறேன் என்று தலைமை ஆசிரியை தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

எட்டாம் வகுப்பை அவள் அங்கேயே முடித்தாள். காதுச் சவ்வு முழுதாகக் கூடவில்லை. கணக்கு சார் இப்போது வேறு ஊரில் இருக்கிறார், வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு தரப்பும் சமரசம் பேசி அந்தக் கேஸை முடித்துக்கொண்டார்கள். மகள் கேஸ் இன்னும் நடக்கிறது, என் கணவர் மறுபடியும் ஜாமீனில் வந்துவிட்டார். வாய்தாவுக்கு நானும் அவரும் ஒரே வராந்தாவில் எதிரெதிராக நிற்போம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. பார்க்கணும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். போவதும் போகாததும் உன் இஷ்டம் என்று மகளிடம் சொன்னேன். இப்போது பத்தாம் வகுப்பு, என் உயரம் வந்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். இருவரும் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். அவர் கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

திரும்பி வந்தவளிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

“எருமை கன்னு போட்டிருக்காம். கெடேரியாம். பாக்க வாரியான்னு கேட்டாக.”

“நீ என்ன சொன்ன?”

“அடுத்த வருசம் பாப்பம்னு சொன்னேன்,” என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.