முதல் நட்சத்திரத்தைத் தேடிய எங்கள் அக்கா

அக்காவைத் தகனம் செய்த மறுநாள், பதினாறாம் நாள் காரியத்துக்கு நிற்காமல், மல்லாங்கிணற்றை விட்டு விருதுநகர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டதிலிருந்து அது எனக்குப் பழக்கம்தான்.

சொந்தங்களுக்குத் தெரியும், அம்மாவும் அப்பாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துத்தான் எங்களை வளர்த்தார்கள். அக்கா அரசுப் பள்ளியில் படித்து, மதுரையில் கல்லூரி முடித்து, வானியல் ஆராய்ச்சிக்காக வடக்கே போனார். நட்சத்திரங்களே பிறக்காத காலத்திலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலையைப் பிடிப்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை.

லாரியில் கிளீனராகப் போனபோது ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போனேன். வயல்களுக்கு நடுவே பெரிய பெரிய ஆன்டெனாக்கள். வாசலிலேயே செல்போனை வாங்கிக்கொண்டார்கள்.

"மொத நட்சத்திரம் எப்பப் பத்துச்சுன்னு இதை வச்சுத்தாம்லே கண்டுபிடிக்கணும்."

"கெடைச்சிருச்சாக்கா?"

"இன்னும் இல்ல. பக்கத்துல ஒரு செல்போன் இருந்தாக்கூட அந்த அலை அமுங்கிப் போகும்."

"கெடைக்காததுக்குச் சம்பளம் வேற தாராகளா?"

"வெடிச்சுக் கரியாப் போறதுக்கு நம்ம ஊர்ல தரலையாலே?" என்று சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

நோய் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மாணவர்களின் கட்டுரைகளைப் படுத்துக்கொண்டே திருத்தினார். நான் அப்போது அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருந்தேன். ஒருநாள்தான் போய்ப் பார்த்தேன். தீபாவளி ஆர்டர் இருக்கிறது என்று அன்றைக்கே திரும்பிவிட்டேன்.

கடைசி நாள் அக்கா என்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். கம்பெனிக்குள் செல்போன் கூடாது. கேட்டில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவோம். அது அங்கே அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. சாயங்காலம் நான் கையில் எடுத்தபோது அக்கா இல்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரோட்டில் பின்னாலேயே அக்காவின் வீட்டுக்காரர், அத்தான், பைக்கில் வந்துவிட்டார்.

"எங்க மாப்ள போறீக? காரியத்துக்கு நீங்க இல்லாம எப்புடி?"

"அக்கா என்ன பேசக் கூப்பிட்டாக அத்தான்?"

அவர் வண்டியை அணைத்தார். "நானும் கேட்டேன். 'சும்மாதான், எவன்கூடயாச்சும் சண்டை போட்டு இந்த வேலையையும் விட்டுட்டானான்னு கேக்கணும்'னா."

நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவ்வளவு தூரத்திலிருந்து வந்து பாடை தூக்கிய அக்காவின் மாணவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் காலை கம்பெனிக்குப் போய், உள்வேலை வேண்டாம், கேட் வேலை கொடுங்கள் என்று கேட்டேன்.

"அதுல சம்பளம் கம்மிலே" என்றார் போர்மேன்.

"இருக்கட்டும்ணே."

செல்போன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மணி வாக்கில் ஒரு போன் அடித்தது. எடுத்து, "லைன்லயே இருங்க, கூப்பிடுறேன்" என்றேன். கம்பெனிக்குள் ஓடக் கூடாது. வேகமாக நடந்தேன்.